கிடைக்காது என்று சொல்லத் தெரிந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர், சிங்கப்பூர் தோ பாயோவில் என் அக்கா வீட்டு சோபாவில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவர்கள்தாம். பிள்ளைக்குத் தேர்வு முடிவு வந்ததும் சிராங்கூன் ரோட்டில் இனிப்பு வாங்கிக்கொண்டு அங்கே போவது நம் குடும்ப வழக்கம். பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடம் கிடைக்குமா என்று அக்கா சொல்ல வேண்டும். "இனிப்ப அப்படி வை. முதல்ல மார்க்கச் சொல்லு" என்பார். கிடைக்காது என்றால், பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கிடைக்காது என்பார். அழுதுகொண்டே மின்தூக்கி ஏறியவர்கள் உண்டு. மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் இந்த மலர் வந்து சேரும்.

அக்கா குவீன்ஸ்டவுனில் ஓரறை வீட்டில் பிறந்தார். நாங்கள் சிறுவயதில் இருக்கும்போதே அம்மா காலமானார். சமையலும் என் பள்ளிச் சீருடையும் அக்காவின் பொறுப்பாயின. ஆனாலும் படிப்பில் அவர் கெட்டி. பொறியியலுக்கு விண்ணப்பித்தபோது எல்லாரும் "உனக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?" என்றார்கள். அதை நம்பி வேறு எதற்கும் அவர் விண்ணப்பிக்கவில்லை. இடம் கிடைக்கவில்லை. புக்கிட் பாத்தோக்கில் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுதான் உள்ளே நுழைந்தார். பிற்காலத்தில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விரிவுரையாளரானார். ஆறுதலுக்காகப் பொய் சொல்பவர்களை அவருக்குக் கடைசிவரை பிடிக்காது.

என் மகள் கயல் கணினிப் பொறியியலுக்கு ஆசைப்பட்டபோது அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. இந்த நிலைமையில் அவரைக் கேட்க வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். உடம்பு முடியாதவர் என்பது வெளியில் சொன்ன காரணம். அவர் வாயிலிருந்து என்ன வருமோ என்ற பயம்தான் உண்மைக் காரணம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று அக்காவே தொலைபேசியில் அழைத்தார்.

"என்னடா, நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா? புள்ளய அழைச்சிட்டு வா."

போனோம். கட்டிலில் சாய்ந்தபடி மதிப்பெண்களைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்காது. அத மட்டுமா போட்டிருக்க? மெக்கானிக்கலயும் சேர்த்துப் போடு, அது கிடைக்கும்."

"வேணாம் அத்தை. எனக்கு இதுதான் வேணும்."

"நானும் இப்படித்தாண்டி ஒண்ணே ஒண்ணு போட்டேன்."

"நீங்க கிடைக்கும்னு நம்பிப் போட்டீங்க. நான் கிடைக்காம போகலாம்னு தெரிஞ்சே போடுறேன். கிடைக்கலன்னா வேலைக்குப் போயிட்டு நெக்ஸ்ட் இயர் மறுபடி அப்ளை பண்றேன்லா."

அக்காவை யாரும் அப்படி எதிர்த்துப் பேசியதில்லை. கடைசியில் அக்கா, "அப்ப அனுப்பு" என்றார்.

அதன்பின் அக்காவை அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். குரல் கம்மிவிட்டது. ஆனாலும் யார் போனாலும் "வந்துடுச்சா?" என்று கேட்பார். வேறு எந்தப் பிள்ளைக்கும் அவர் இப்படிக் காத்திருந்ததில்லை.

முடிவு வந்தது. இடம் இல்லை. அறைக்கு வெளியே நின்று நானும் அக்காவின் கணவரான அத்தானும் "கிடைத்துவிட்டது" என்றே சொல்லிவிடலாம் என்று குசுகுசுத்தோம். கயல் எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"கிடைக்கல அத்தை. நீங்க சொன்னதுதான்."

அக்கா அழுதார். அம்மா போனதற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"இந்த ஒரு வாட்டியாவது நான் சொன்னது தப்பாப் போகட்டும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்டி."

சில நாட்களில், கயல் கையைப் பிடித்திருக்க, அக்கா அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அவரைத் தாயைப்போல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இரவு பகலாக உடனிருந்த அத்தானுக்கும், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எங்களோடு நின்று வழியனுப்பிய அண்டை வீட்டாருக்கும், உறவினர்களுக்கும், அக்காவின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடன் கைகூப்புகிறது.

கயல் வேலை பார்த்துக்கொண்டே இந்த ஆண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. பார்ப்பவர்கள் எல்லாரும் "கண்டிப்பா கிடைக்கும்" என்கிறார்கள். அவளும் மரியாதைக்குத் தலையாட்டுகிறாள். கிடைக்குமா, கிடைக்காதா என்று கேட்க எங்களுக்குத்தான் ஆள் இல்லை.