தண்ணீர் இருக்கும் பக்கம் கிழக்கு

என் கணவர் காஸிடம் சிகாகோவைப் பற்றி மட்டும் யாரும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும். நகரின் நடுவே இருக்கும் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். ஏதோ அத்தனை கட்டடத்தையும் தானே பெற்று வளர்த்ததுபோலப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கையில் சாசேஜ் ரொட்டியோடு நகரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

"பாரு வாண்டா, ஒண்ணை ஒண்ணு இடிக்காம எப்படி நிக்குது பாரு. கல்யாண வீட்டு போட்டோவுக்கு நிக்கிற மாதிரி!"

எனக்கு அந்தக் காற்றில் காது விறைத்துப் போயிருக்கும். "ஆமாய்யா, போட்டோ எடுத்தாச்சு, வீட்டுக்குப் போலாம்" என்பேன்.

மற்ற ஊர்களெல்லாம் மனுஷனுக்குத் தேறாத பிள்ளைகள். ஹூஸ்டனில் இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்தாகக் கட்டடங்கள் நிற்குமாம், சொத்துச் சண்டையில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் மாதிரி. லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லில் ஊற்றிய மாவு, ஓடிக்கொண்டே இருக்கும். நியூயார்க் என்று வந்தால் மட்டும் குரலே மாறிவிடும். "அது ஊரா? ஆபீஸ் நேரத்து பஸ்ஸு. ஒருத்தன் அக்குள்ல இன்னொருத்தன் மூக்கு."

அப்பேர்ப்பட்டவருக்குக் கடவுள் ஒரே ஒரு பெண்ணைக் கொடுத்தார். ரெனாட்டா. அவள் எதைப் படித்தாள் என்கிறீர்கள்? எந்த ஊரில் எவ்வளவு நெருக்கமாக ஜனம் வாழ்கிறது என்பதையே ஒரு படிப்பாகப் படித்தாள். படித்துவிட்டு வேலைக்கு எங்கே போனாள்? நியூயார்க்குக்கு! அன்றிலிருந்து வாராவாரம் ஃபோனில் யுத்தம்தான்.

"அப்பா, சுத்தியிருக்கிற புறநகரை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தா, நியூயார்க்கை விட லாஸ் ஏஞ்சல்ஸ்தான் நெருக்கம். தெரியுமா உங்களுக்கு?"

"காசு கட்டிப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்பார் காஸ். ஃபோனை வைத்த பிறகு தானாகச் சிரித்துக்கொள்வார்.

பிறகு அவள் அந்த ஊர்க்காரன் ஒருவனையே கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எஃப்ராயின், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பிள்ளை. "பையன் தங்கம். ஊருதான் தகரம்" என்றார் காஸ். கல்யாணமும் அங்கேயே, ஆற்றோரப் பூங்கா ஒன்றில். காஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ரெனாட்டா விடுவாளா? "அப்பா, நீங்க கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்டக் கூட்டிட்டுப் போனாத்தான் நடப்பேன். இல்லேன்னா நின்ன இடத்துலயே நிப்பேன், கல்யாணமே வேணாம்" என்றாள். அவ்வளவுதான், மனுஷன் உருகிவிட்டார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து பழக ஆரம்பித்தார். நான் துணி துவைக்கிறேனா, உருளைக்கிழங்கு உரிக்கிறேனா என்றெல்லாம் பார்க்கவில்லை. வா, நட என்றால் நடக்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலையில் பெண்ணுக்கு உடுத்திவிட, நியூயார்க்கில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து நான் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். காஸ் பின்னால் வருவதாக ஏற்பாடு. ரெனாட்டா முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "இதே தெருதான்ப்பா. ஹோட்டல் வாசல்ல இறங்கி நேரா கிழக்கே நடங்க. தண்ணி வந்ததும் நின்னுடுங்க."

"திசை தெரிஞ்சவன்கிட்ட சொல்ற பேச்சா இது?" என்று ஃபோனைக்கூட அறையிலேயே விட்டுவிட்டு வந்தாராம்.

எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஏரி இருக்கிற பக்கம் கிழக்கு. வீட்டுக்கு வழி சொல்வதும் அதை வைத்துத்தான், காரை நிறுத்துவதும் அதை வைத்துத்தான். காஸ் ஹோட்டல் வாசலில் நின்றார். வானம் மூட்டமாக இருந்தது, சூரியனைக் காணோம். தெருவின் ஒரு கோடியில் தண்ணீர் மினுங்கியது. அப்புறம் என்ன? கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் நடந்துவிட்டார். நியூயார்க்கின் நடுப்பகுதியான மன்ஹாட்டன் ஒரு தீவு, அதற்கு இரண்டு பக்கமும் தண்ணீர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

இங்கே கிழக்குக் கரையில் நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம். காஸைக் காணோம். அடித்தால் ஃபோன் எடுப்பார் இல்லை. கல்யாணத்தை நடத்திவைக்க வந்த அம்மையாருக்கு அடுத்து இன்னொரு கல்யாணம் இருந்தது, அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா இல்லாம நடக்க மாட்டேன்" என்று ரெனாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தீட்டிய மை கன்னத்தில் இறங்கியது.

மேற்குக் கரையில் காஸ் ஒரு பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லையே என்று கோபம் வேறு. 'நியூயார்க்குக்காரங்களுக்கு எப்பவுமே நேரம் தெரியாது' என்று நினைத்துக்கொண்டாராம். கடைசியில் பொறுக்க முடியாமல், பக்கத்தில் தள்ளுவண்டியில் காபி விற்ற எல்வீரா என்ற பெண்ணிடம் கேட்டிருக்கிறார். "ஏம்மா, இங்க ஒரு கல்யாணம் நடக்கணுமே?"

"இங்க கல்யாணம் எதுவும் இல்லையே ஐயா. எங்கன்னு சொன்னாங்க?"

"இந்தத் தெருவோட கிழக்குக் கோடி."

"ஐயோ சாமி! இது மேற்கு! எதிர்ல தெரியுது பாருங்க, அது நியூ ஜெர்சி!" என்றவள், அவரை மேலும் கீழும் பார்த்து, "எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"சிகாகோ."

"அதானே பார்த்தேன்."

காஸ் பதறிப்போய் அவள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணும்மா... நான் போகலேன்னா அவ நடக்க மாட்டா" என்றாராம். எல்வீரா காபிக் கெண்டியை அப்படியே வைத்துவிட்டு, "ரூபென்! இங்க வாடா! கல்யாணப் பொண்ணோட அப்பா!" என்று கத்தினாள். ரூபென் அவள் சித்தி மகன், சுற்றுலா வந்தவர்களை வைத்துச் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவன். டாக்ஸி எல்லாம் நெரிசலில் கல்லாக நின்றபோது அவன் இண்டு இடுக்கில் நுழைந்து பறந்தான். "வழி விடுங்க! இவரு பொண்ணுக்குக் கல்யாணம்!" என்று அவன் கத்த, முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து அதையே கத்த, செய்தி ரிக்‌ஷாவுக்கு முன்னால் ஓடியது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் லாரிக் கதவைச் சாத்தி இடம் விட்டார். ஒரு போலீஸ்காரர் குறுக்குத் தெரு வண்டிகளை நிறுத்தினார். பூக்கடைக்காரி ஓடி வந்து காஸ் கோட்டில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகினாள். "மெதுவாப் போ, அவரைப் பொண்ணுகிட்ட முழுசாச் சேர்க்கணும்!" என்று சிக்னலில் நின்ற ஒரு தாத்தா ரூபெனைத் திட்டினார்.

பூங்கா வாசலில் மணியடித்துக்கொண்டு ரிக்‌ஷா வந்து நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது. "யோவ்! எங்கய்யா தொலைஞ்ச?"

"கிழக்கே" என்றார்.

ரெனாட்டா அழுகையிலேயே சிரித்துவிட்டாள். காஸ் அவள் கன்னத்து மையைக் கட்டைவிரலால் துடைத்தார், இன்னும் அப்பிவிட்டார். "வாம்மா" என்றார். எங்கள் வீட்டு நடையில் பழகிய மெது நடை எல்லாம் எங்கே போயிற்றோ, இரண்டு பேரும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி விறுவிறுவென்று நடந்தார்கள். இரு பக்கமும் எல்லோரும் கை தட்டினார்கள்.

எஃப்ராயின் கையை நீட்டினான். காஸ் பெண்ணின் கையை விடவில்லை.

"தம்பி, கட்டடம்னா எங்க ஊருதான். அதுல மாத்தமே இல்ல."

"சரி மாமா" என்றான் பையன், பயந்துகொண்டே.

"இவ இங்க தனியா என்ன பண்ணுவாளோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. இன்னிக்கு நான் தொலைஞ்சு போனேன். பேர்கூடத் தெரியாதவங்க கைமாத்தி கைமாத்தி என்னை இங்க கொண்டுவந்து சேர்த்தாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "பொண்ணைக் கொடுக்கிறதுன்னா, ஆளுங்க நெருங்கி நிக்கிற ஊர்லதான் கொடுக்கணும்."

சொல்லிவிட்டு அவள் கையை அவன் கையில் வைத்தார். நான் அழலாம் என்று கைக்குட்டையைத் தேடினால், எனக்கு முன்னாலேயே ரூபென் ரிக்‌ஷா மேல் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். அவனையும் விருந்துக்கு இழுத்துக்கொண்டு போனோம்.