புதைத்த பிறகும் கரண்டி செய்தவர்

எங்கள் புறநகரான செவன் ஹில்ஸில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். பூச்சட்டி வாங்கப் போன நான் ஒரு வெள்ளிக் கரண்டியோடு வந்தேன். காம்பின் பின்பக்கம் வரிசையாகச் சின்ன முத்திரைகள் இருந்தன. இங்கிலாந்தில் ஜோர்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்து வழக்கம் அது: செய்தவரின் பெயருக்கு இரண்டு எழுத்து, செய்த ஆண்டுக்கு ஓர் எழுத்து, ஊருக்கு ஒரு சின்னம்.

மற்றவர்கள் வரைந்த கட்டட வரைபடங்களில் பிழை பிடிப்பதே என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பின் வீட்டில் பிழை பிடித்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். கரண்டி எங்கள் இருவரையும் காப்பாற்றியது. லண்டன் பதிவேடுகளைக் கணினியில் தேடி, அந்த எழுத்துகளுக்குரிய தட்டாரைக் கண்டுபிடித்தேன். ஞானஸ்நானம், ஏழு வருடத் தொழிற்பயிற்சி, சொந்தப் பட்டறை, கலியாணம் எல்லாம் கிடைத்தன. என் சொந்தக்காரரைப் போல அவரைப் பற்றி வீட்டில் கதைக்கத் தொடங்கினேன்.

பிறகு, அவரைப் புதைத்த பதிவு கிடைத்தது. கரண்டி செய்யப்படுவதற்கு நாலு வருடம் முன்பே மனிதர் செத்துவிட்டார்.

வேறொருவர் என்றால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார். நான் ஒரு கதை கட்டினேன். தட்டார் எதிரிகளுக்குப் பயந்து, செத்ததாக நாடகமாடி, ஒளிந்திருந்து வேலை செய்திருக்கிறார்! அயலூரான கிரவீனுக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தில் கூடும் வரலாற்றுக் குழுவுக்கு இதைக் கோட் போட்டுக்கொண்டு போய்ச் சொன்னேன். பெயர் முத்திரை சரிவாக விழுந்திருப்பதைக் காட்டி, பயத்தில் அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது என்றும் விளக்கினேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கை தூக்கினார். "ஒளிந்திருந்தவர் ஏன் தன் பெயரெழுத்தையே குத்தினார்?"

"கலைஞனின் கர்வம்" என்றேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

திரும்பி வரும்போது, கூட்டத்துக்குக் கூட வந்திருந்த மனைவிதான் கார் ஓட்டினாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் கலியாணம் கட்டினவர் எண்டனீங்கள். மனுசிக்கு என்ன பேர்?"

சொன்னேன். சொல்லும்போதுதான் கவனித்தேன். புருசனுக்கும் பெண்சாதிக்கும் முத்திரையின் இரண்டு எழுத்தும் ஒன்றுதான்.

"அப்ப அவள் செய்திருப்பாள்."

"அந்தக் காலத்தில பொம்பிளையள் உந்த வேலை செய்யேல்லை."

"ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் கோட்டைக் கழற்றாமலே கணினியைத் திறந்தேன். நான் நாள்கணக்காகப் பார்த்த அதே பதிவேட்டில், சில பக்கம் தள்ளி அவள் இருந்தாள். 'விதவை' என்று எழுதி, பக்கத்தில் அவளுடைய முத்திரையைப் பதித்திருந்தார்கள். சாய்சதுர வடிவம். பெண் தட்டார்கள் பலர் அந்த வடிவத்தைத்தான் வைத்திருந்தார்களாம். கரண்டியில் நான் சரிவு என்று நினைத்தது அந்த வடிவத்தைத்தான்; நடுக்கமும் இல்லை, நேராகவே குத்தியிருக்கிறாள். கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி மட்டும் கீறியிருந்தது. எழுதத் தெரியாதவள் தன் பெயரை வெள்ளியில் குத்தியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் குழுவில் எழுந்து, போன தடவை நான் சொன்னது முழுப்பிழை என்றேன். முன்வரிசைக் கிழவர்தான் முதலில் கைதட்டினார். அவள் பட்டறையைப் பல வருடம் நடத்தியதையும், இன்னும் பெரிய தெருவுக்கு அதை மாற்றியதையும் சொன்னேன். கடைசிக் காலத்தில் அவளுக்கு என்ன நடந்தது என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரியாது" என்றேன். மேடையில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

போன கிழமை அதே பெயருடைய ஒரு விதவை பேக்கரியில் பாண் போடுகிற ஒருவரை மறுமணம் செய்த பதிவு அகப்பட்டது. அவசரமாகக் குறிப்பேட்டையும் பேனையையும் எடுத்தேன். தேத்தண்ணியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது அவள்தான் எண்டு என்னெண்டு தெரியும்?"

பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.