பக்கிரிக்குக் கட்டிய பேனர்

சுந்தரியம்மா இறந்த செய்தி வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். பட்டாபிராமில் ஏறி, ஆவடி தாண்டி, நிற்க இடம் பிடித்துக் கைபேசியை எடுத்தால், நம் ரசிகர் குழுவில் அவருடைய மகள் கோமதி ஒரே வரி போட்டிருந்தார்: "அம்மா விடிகாலைல தவறிட்டாங்க." நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே பெருச்சாளிப் படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. அழும் பெருச்சாளி, சிறகு முளைத்த பெருச்சாளி, 'போய் வா அண்ணாத்தே' என்று எழுதிய பெருச்சாளி. நானும் ஒன்று அனுப்பினேன்.

'அட்டைப்பெட்டி சபா' பார்த்தவர்களுக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு கேபிள்காரர் தன் கடை மாடியில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போட்ட பொம்மை நிகழ்ச்சி அது. பாட்டு, செய்தி, மேஜிக், பேட்டி எல்லாம் உண்டு, எல்லாவற்றையும் பொம்மைகள்தான் செய்யும். சில மாதங்களில் அவர் தொழிலை விற்றுவிட்டுப் போனார், சபாவும் நின்றுவிட்டது. அதன் நாயகன் பெருச்சாளி பக்கிரி. மிலிட்டரி கம்பளித் துண்டில் தைத்த உடம்பு, சட்டைப் பித்தான் கண். பேட்டிக்கு வந்த கவுன்சிலரைப் பார்த்து, "இன்னா நைனா, எலக்சன் வந்தாதான் எங்க தெரு ஒன் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டவன். திங்கட்கிழமைகளில் எங்கள் வகுப்பு முழுக்க அவன் குரலில்தான் பேசிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் யாரோ பழைய கேசட்டிலிருந்து சில காட்சிகளை இணையத்தில் ஏற்ற, நம் குழு பிறந்தது. அம்பத்தூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தணிகாதான் விசாரித்து விசாரித்து முத்தாபுதுப்பேட்டை முகவரியைப் பிடித்தான். கதவைத் திறந்த அம்மாவிடம், பக்கிரிக்குக் குரல் கொடுத்தவர் இருக்கிறாரா என்று கேட்டோம். இவ்வளவு காலமும் அது ஓர் ஆண் என்றே நினைத்திருந்தோம். அவர் சிரித்துவிட்டு, "இன்னா மாமே, அட்ரசு கேட்டுகினு உள்ள வராமயே நிக்கிற?" என்றார், அச்சு அசல் பக்கிரி குரலில். தணிகா வாசலிலேயே அழுதுவிட்டான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் அவர் டெய்லராக இருந்தவர். "பொம்ம தெக்கத்தான் கூப்ட்டாங்க. பேச வர வேண்டிய ஆளு வர்ல. நான் சும்மா கைய உட்டுப் பாத்தேன், அவன் பேச ஆரம்பிச்சிட்டான்" என்று காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அவரை அவருடைய குரலில் பேச நாங்கள் விடவே இல்லை. எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டார். அதையே பக்கிரி மாதிரி கேளுங்கம்மா என்றான் தணிகா. கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், கைபேசியை அவர் கையில் மாட்டியிருந்த பழைய பொம்மையின் பக்கம் திருப்பிப் படம் பிடித்தோம். நான் பதில் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

கை தெரியாமல் எப்படி ஆட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பொம்ம எதிர்ல கீற ஆளோட கண்ணப் பாக்கணும் தம்பி. உடாமப் பாத்துகினே இருந்தா, அந்த ஆளு குனிஞ்சு கீழ பாக்கவே மாட்டான்" என்றார். பெரிய தொழில் ரகசியம் கிடைத்த மாதிரி அதைக் குழுவில் போட்டேன். ஏகப்பட்ட இதயங்கள் வந்தன.

போன வருடம் அம்பத்தூரில் ஒரு சின்ன ஹால் எடுத்து ரசிகர் சந்திப்பு வைத்தோமே, அதற்கு வந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவர் மாம்பழ நிறத்தில் புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கோமதியோடு வந்தார். மேடையில் நாற்காலி இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. நாங்கள் போட்டு வைத்திருந்தது ஒரு மேஜை. முன்பக்கம் போர்வை கட்டி, அடியில் பாய் விரித்திருந்தோம். அவர் அந்தப் பாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜையைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து உள்ளே போனார். வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் பக்கிரி ஒரு நக்கல் சொன்னான். ஒவ்வொருவரும் அவனோடு படம் எடுத்துக்கொண்டோம். முடிந்ததும் இரண்டு பேர் தூக்கித்தான் அவரை வெளியே கொண்டுவர முடிந்தது. புடவை கசங்கி, பூ பாதி உதிர்ந்திருந்தது. ஆட்டோவில் ஏறும்போது, எல்லாரும் சந்தோசமாகப் போனார்களா என்று என்னிடம் கேட்டார். போனார்கள் என்றேன். கோமதி என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து சுந்தரியம்மா போன் செய்தார். "தம்பி, அன்னிக்கு எட்த்த போட்டோல நான் கீற மாரி ஒண்ணு இருந்தா அனுப்பேன். புதுப் பொடவ அது" என்றார். தேடினேன். என்னிடம் இருந்ததில் ஒன்றே ஒன்றில், போர்வை விலகின இடத்தில், அவருடைய முழங்கை தெரிந்தது. அதையும், பக்கிரி பளிச்சென்று இருந்த நாலைந்தையும் சேர்த்து அனுப்பினேன். "பக்கிரி நல்லா கீறான்" என்று பதில் வந்தது. விஷயம் முடிந்ததென்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த தடவை போகும்போது அவரை உட்காரவைத்து எடுக்கவேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை.

சாவுச் செய்தி வந்த அன்று காலை வேலைக்குப் போகாமல் அம்பத்தூரில் இறங்கித் தணிகா கடைக்கு நடந்தேன். நம் பக்கத்தில் ஒரு சாவு என்றால் பந்தல் போட்டு முடிப்பதற்குள் தெருமுனையில் பேனர் இருக்கவேண்டும். அவன் ஏற்கெனவே மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். குழுவில் அம்மாவின் படம் கேட்டோம். நூற்றுக்கணக்கில் வந்தன, எல்லாம் பக்கிரி. கோமதியிடம் இந்த நேரத்தில் போய் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டோம். "எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி இதான் மச்சான். போட்டுடலாமா?" என்றான் தணிகா. போடு என்று நான்தான் சொன்னேன். 'கண்ணீர் அஞ்சலி. எங்களைச் சிரிக்கவைத்த அண்ணாத்தே பக்கிரிக்கு.' மாலை போட்ட பெருச்சாளி, ஆள் உயரத்துக்கு. கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் 'குரல்: சுந்தரி' என்று இருந்தது. அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் தெருமுனையில் இரண்டு கம்பத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினோம். அழகாக வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லிக்கொண்டோம்.

முதலில் பிள்ளைகள் கூடிச் சிரித்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "யாருபா செத்துது, பெருச்சாளியா?" என்று கேட்டார். பறை அடிக்க வந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மாவோடு கம்பெனியில் வேலை செய்த பெண்கள் மாலையோடு இறங்கி, பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, தெரு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பப் போனார்கள். அவர்களைக் கூப்பிடத்தான் கோமதி ஓடி வந்தார். பேனருக்கு எதிரே நின்று கடைசி எழுத்து வரை படித்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தினி பேர் போன்ல எங்கம்மா மூஞ்சி ஒண்ணுகூடவா இல்லண்ணா?"

தணிகா கம்பத்தில் ஏறிக் கயிற்றை அறுத்தான். சுருட்டிய பேனரைத் தோளில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் அந்தத் தெருவில் நாங்கள் நின்ற நிற்பு இருக்கிறதே, அதைவிடப் பெரிய அவமானத்தை நான் பட்டதில்லை.

காரியத்தன்று வீட்டுக்குள் நாற்காலியில் ஒரு படம் வைத்திருந்தார்கள். ஏதோ உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்ததாம். பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலையில் யாரோ சொன்னதற்குச் சிரிக்கிற முகம். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி. என்னோடு வந்த ரசிகர் ஒருவர் காதோரம் குனிந்து, "இவங்க யாரு?" என்று கேட்டார். அந்த வீட்டில் மூன்று முறை காபி குடித்த நானும் பதில் சொல்வதற்கு முன் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

சுந்தரியம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லவேண்டும். பக்கிரியின் குரல் எல்லோரிடமும் இருக்கிறது, அதை நான் என்னுடையது என்று சொல்லமாட்டேன். அந்தப் பந்திப் படத்தைக் கோமதியிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பிவைத்தார். என்னிடம் இருக்கும் அவருடைய முகம் அது ஒன்றுதான். அதையும் அவர் போன பிறகுதான் கேட்டு வாங்கினேன்.