பதிலுக்கு நின்றவன்

ரத்தினத்தின் கையிலிருந்த தூக்குச் சட்டியைப் பிடுங்கிச் செங்கம்மாள் வாசலில் கவிழ்த்தாள். ஆட்டுக்கால் சூப்பு மண்ணில் ஓடியது. எதிர்வீட்டு நாய் எழுந்து வந்து நக்கத் தொடங்கிற்று.

“எம் புருஷன் கைய வெச்சி புண்ணியம் தேடிக்கினு, சூப்பு வேற எடுத்துக்கினு வந்துட்டாரு தொர. எந்தக் கையால புடிச்சிக் குடிக்கிறது?”

“அவரு கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடறேம்மா.”

“வார்த்தையும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்.”

ரத்தினம் நகரவில்லை. திரும்பிப் போகக் கூடிய நாள் இல்லை அது. விடிந்தால் ஈஸ்டர். செங்கம்மாளின் புருஷன் பரசுராமனிடம் மன்னிப்புக் கேட்டு, அவனும் மன்னித்தால்தான் திருவிருந்து என்று சபைப் போதகர் ஐயர் சொல்லியிருந்தார். ஐந்து வாரமாக ரத்தினம் கோயிலில் கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெஞ்சில் இருப்பவனை அப்பத்துக்கும் ரசத்துக்கும் பீடத்தண்டை கூப்பிட மாட்டார்கள். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன், ரெண்டாந்தாரம் வைத்துக்கொண்டவன், இவர்களுக்கென்று இருந்த இடம். பதினெட்டு வருஷம் காணிக்கைப் பை பிடித்தவன் அங்கே போய் உட்கார்ந்ததைத் திரும்பிப் பார்க்காத ஆள் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் டின் டப்பா அடிக்கிற கம்பெனி ஒன்றில் அவன் செட்டராக இருந்தான். கோயில் புத்தகத்தில் ஏசுரத்தினம். கம்பெனியில் ரத்தினம் என்ற பாதிப் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். பிரஸ்ஸில் அச்சு மாட்டுவது அவன் வேலை. தகடு சிக்கிக்கொண்டால், யாரும் கையை உள்ளே விடுவதற்கு முன், மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் ஒரு வேப்பங்கட்டையை நிறுத்த வேண்டியதும் அவன்தான். கட்டை நிற்கிற வரைக்கும் பிரஸ் இறங்காது. அந்த எழுபத்தெட்டாம் வருஷம், இந்த ஈஸ்டருக்கு ஏழு வாரம் முன்னால் விபத்து நடந்த நாளிலும் நிறுத்திவிட்டுத்தான் எண்ணெய் எடுக்கப் போனான். பரசுராமன் சிக்கின தகட்டை உருவிக்கொண்டிருந்தான். பெடலருகில் நின்ற உதவியாள் முனிகிருஷ்ணன், கை வெளியே வந்துவிட்டது என்று நினைத்து, கட்டையைத் தட்டிவிட்டு மிதித்தான். பரசுராமனின் வலது கையில் சுண்டுவிரல் மட்டும் மிஞ்சிற்று.

விசாரணைக்கு முந்தின நாள் முனிகிருஷ்ணன் கக்கூசுப் பக்கம் நின்று அழுதான். வேலை நிரந்தரமாகாதவன். மூன்று பெண் குழந்தைகள். அந்த வாரம்தான் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து தொடங்கியிருந்தது. குற்றமில்லாதவர் குற்றவாளியின் இடத்தில் போய் நின்றார், நீங்கள் ஒருத்தனுக்காக ஒருநாளாவது அப்படி நின்றதுண்டா என்று ஐயர் பிரசங்கத்தில் கேட்டிருந்தார். ரத்தினம் அதைத் தன்னைப் பார்த்துக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டான். கட்டையை எடுத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. மனைவி சாராளிடம் மட்டும் சொன்னான்.

“நம்ப சாமி ஒருதரம் செத்தாரு, முடிஞ்சிடுச்சி. நீங்க தெனம் சாவணும்” என்றாள் அவள்.

அவனைத் தகடு தூக்கப் போட்டார்கள். செட்டர் வேலைக்கு முனிகிருஷ்ணன் வந்தான். கம்பெனியில் வேலை செய்கிற சபையார் மூலம் விஷயம் ஐயர் காதுக்குப் போய், கடைசி பெஞ்சு வந்தது. உண்மையைத் தானே சொன்னால் கொடுத்த பலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது போலாகும் என்று ரத்தினம் வாயைக் கட்டிக்கொண்டான். முனிகிருஷ்ணனே ஐயரிடம் மட்டும் சொல்லட்டும் என்று கேட்டுப் பார்த்தான்.

“இன்னாண்ணா பேஜாரு பண்றே? நானா உன்ன சொல்லச் சொன்னேன்?” என்றான் முனிகிருஷ்ணன். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “நெஜமாவே அன்னிக்கி நீ கட்ட வெச்சியா? எனுக்கு நெனப்பு இல்லியே” என்றான்.

“வுடும்மே, உள்ள வரட்டும்” என்று வீட்டுக்குள்ளிருந்து பரசுராமனின் குரல் கேட்டது. செங்கம்மாள் வழிவிட்டாள்.

பரசுராமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று குச்சி வீணாயிற்று. ரத்தினம் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தான்.

“என்னை மன்னிச்சிடு, பரசுராமா.”

“எதுக்கு?”

“கட்டைய நான்…”

“தூ. நீ எண்ண டப்பா எடுக்க அந்தாண்ட போனத நான் பாக்கல? அவன் கட்டையத் தட்னதையும் பாத்தேன். கத்தறதுக்குள்ள எறங்கிடுச்சி.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்றதுக்கு ஆசுபத்திரில கண்ணு தொறக்கணுமில்ல? அதுக்குள்ள நீ கையெழுத்துப் போட்டுட்டே. அப்புறமும் போய்ச் சொன்னேன். ஒத்துக்கினவனே இருக்கான், உனுக்கு இன்னாய்யா வந்ததுன்னு மேனேஜர் சிரிச்சாரு.” புகையை விட்டான். “அவன் என் எதுருல வந்து நிக்கணும், ரத்தினம். நான்தான் மிதிச்சேன், தப்புதான்னு சொல்லணும். ஒதைப்பேனோ, போடான்னு வுட்ருவேனோ, அது என் பாடு. நடுவுல நீ யாரு?”

“அவனுக்கு மூணு பொண்ணுங்க…”

“எனுக்கு ரெண்டு. அதுங்களப் பத்தி உங்க சாமி உன்ன ஒண்ணும் கேக்கலியா?”

செங்கம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போய் உங்க ஐயர்கிட்ட சொல்லு, நான் மன்னிக்கலன்னு. நீ செஞ்ச தப்புக்கில்ல. செய்யாதத செஞ்சேன்னு சொன்னியே, அதுக்கு.”

ஈஸ்டர் ஆராதனையில், திருவிருந்துக்கு முன்னால் ஐயர் பேர் சொல்லி எழுப்பினார்.

“ஏசுரத்தினம், அந்த மனுஷன் மன்னிச்சாரா?”

“இல்லீங்க ஐயா.”

“மனம் உடைஞ்சி கேட்டீங்களா?”

ரத்தினம் பெஞ்சு முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, “கட்டைய நான் எடுக்கலீங்க ஐயா” என்றான்.

“இப்ப அடுத்தவன் தலையில கட்றாரு பாரு” என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். சாராள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தண்டை போனாள். அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசி பெஞ்சைப் பார்க்காமல் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ரத்தினம் ஆறு மணி ஷிப்டுக்குப் போனான். மேனேஜர் வந்ததும் அறைக்குப் போய், எழுதிக் கொடுத்தது பொய் என்று சொன்னான். பேப்பர் எல்லாம் மேலே போய்விட்டது, செட்டர் வேலைக்காக இன்னொருத்தனைக் காட்டிக் கொடுக்காதே என்றார் அவர். ரத்தினம் லாரியிலிருந்து தகடு இறக்கினான். பத்து மணிக்கு மூன்றாம் பிரஸ்ஸில் தகடு சிக்கியது. முனிகிருஷ்ணன் வேப்பங்கட்டையை நிறுத்தினான். மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும். சாயங்காலம் பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது.