ஈரம் மறந்த புரோகிராம்

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கு அக்கா என்று பெயர். வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அக்காதான். எதையும் ஒரு சொல்லில் நம்பிவிட மாட்டாள். அடுப்பை அணைத்தாயிற்று என்று கணவர் சத்தியம் செய்தாலும், எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குத் தூக்கம். இவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்திருக்க வேண்டும் என்பார் அவர். கிடைத்ததோ, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லும் ஒரு புரோகிராமை, ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதை, கட்டி மேய்க்கிற வேலை. அவள் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதிவிட்டுப் போனது. கண்டிப்பான மாமனாரைப் போல, கேட்டதற்குப் பதில் சொல்லும். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தார்கள். காலையில் ஓட்டிப் பார்த்தால், மறுநாள் ஆற்றின் நீர்மட்டம் ஆற்றுப்படுகைக்கும் கீழே என்று வந்தது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. ஆற்றோரத் தெருக்களைக் காலி செய்யச் சொல்வதா வேண்டாமா என்று நகர நிர்வாகத்துக்கு மத்தியானத்துக்குள் பதில் போயாக வேண்டும். அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் அவளுடைய நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள்.

புரோகிராமை வரிவரியாக நிறுத்தி நடத்திப் பார்க்க உதவும் டீபக்கரைத் திறந்தாள். அது அவளைப் படுத்தி எடுத்தது. அடுத்த வரிக்குப் போ என்றால் நாலு வரி தாண்டிக் குதித்தது. மறுபடி போ என்றால் முடிந்துபோன வரிக்கே திரும்பி வந்து நின்றது. மண்ணின் ஈரம் எவ்வளவு என்று கேட்டால், அப்படி ஒரு மதிப்பே கைவசம் இல்லை என்றது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது. எழுதிய வரிகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரிடம், வேகமாக ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதுவும் வரிகளை முன்பின்னாகக் கலைத்து அடுக்கிவிட்டது. கலைத்த அடுக்கில் எழுதிய வரிசையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வேகம் வேண்டாம் என்று சொல்லி மறுபடி கம்பைல் செய்தாள். இப்போது டீபக்கர் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு வரியாக நடந்தது. விடையும் நம்பும்படி வந்தது: கரைக்கு ஒரு முழம் கீழே. பின்னால் நின்றிருந்த மேலதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டெலிபோனை எடுக்கக் கை நீட்டினார்.

"சார், கொஞ்சம் இருங்க. வேகத்தைக் குறைச்சா நடை மாறலாம். விடை ஏன் மாறணும்?"

அவர் கை அப்படியே நின்றது. போன வருஷம் இதே தெருக்களைக் காலி செய்யச் சொல்லி, தண்ணீர் வராமல், ஊரெல்லாம் அவரைக் காய்ச்சி எடுத்திருந்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் பிறகு நாம் சொல்லி ஒருவரும் நகர மாட்டார்கள் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

மறுபடி முதலிலிருந்து நடந்தாள். முதல் மணி நேரத்துக்கான கணக்கில் மண்ணின் ஈரம் ஒழுங்காக இருந்தது. இரண்டாம் மணிக்காக அதே பகுதிக்குள் நுழைந்ததும், பூஜ்யம். நாள்கணக்கில் மழை குடித்த மண், பூஜ்யம். அடுத்த மணியிலும் அப்படியே.

ஒவ்வொரு மணியும் தன் ஈரத்தை அடுத்த மணிக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் அந்த எண் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை நம்பி எழுதியவர், பத்திரமாக வை என்று சொல்லாமலே விட்டிருந்தார். புதியதோ சொல்லாததைச் செய்யவில்லை. ஒருவிதமாகக் கம்பைல் செய்தால் பூஜ்யம், இன்னொருவிதமாகச் செய்தால் அங்கே ஏற்கெனவே கிடந்த ஏதோ குப்பை எண். பூஜ்யம் என்றால் மண் காய்ந்து கிடக்கிறது, பெய்வதையெல்லாம் குடித்துவிடும் என்றல்லவா கணக்கு போகும்! சற்றுமுன் வந்த நல்ல விடையும் இந்தப் பூஜ்யத்தில் பிறந்ததுதான்.

அப்படிப் பத்திரமாக வைக்கச் சொல்லும் 'சேவ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, வேகத்தோடும் வேகமில்லாமலும் ஓட்டினாள். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னன. கரைக்கு மேலே, வெகு மேலே.

"இதை மட்டும் எப்படி நம்புறது அக்கா?" என்றார் அதிகாரி. கேலியில்லை, பயம்.

அவளுக்கும் அதே கேள்விதான். நேற்று வரைக்கும் பெய்த மழையை மட்டும் கொடுத்து, இன்று காலை நீர்மட்டத்தைக் கேட்டாள். பாலத்துத் தூணில் காலையில் அளந்து சொன்னதோடு விரற்கடை வித்தியாசத்தில் ஒத்துப்போனது. அதிகாரி டெலிபோனை எடுத்து, தெருக்களைக் காலி செய்யச் சொன்னார். அவர் பேசி முடித்ததும் அவள் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"போன தடவையும் இப்படித்தான் மூட்டை கட்ட வச்சீங்க, அண்ணி."

"இந்தத் தடவையும் கட்டு. திட்டுறதை நம்ம வீட்டுக்கு வந்து திட்டு."

சாயங்காலம் மழை கொஞ்சம் வெறித்தது. மழை நின்றால் சந்தோஷப்பட வேண்டியவள், நிற்கிறதே என்று பயந்தாள். அப்படிப் பயந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

விடிந்தபோது ஆறு தெருவுக்குள் இருந்தது. நாத்தனார் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆளுக்குச் சேதமில்லை. பிள்ளைகள் அத்தை வீட்டுக் கட்டிலில் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தையல் மெஷினை மேல தூக்கி வைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அண்ணி."

அது தோன்றவில்லை என்று அவள் சொன்னாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அந்தப் புரோகிராமில் இப்படிச் சொல்லாமல் விட்டவை இன்னும் எத்தனை என்று யாருக்குத் தெரியும்?