என் ஓரகத்தியின் பட்டமும் இரண்டு கடித உறைகளும்

போன மாதக் கிருத்திகைக் கூட்டத்தில் கோமதி அக்கா தன் கண் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னபோது நாம் எல்லோரும் அழுதோம். அதற்கு முந்திய மாதம் ராஜு அண்ணன் லாரிக்கு அடியில் போய் உயிரோடு வந்ததைச் சொன்னார். "அடுத்து நீ சொல்லு ஈஸ்வரி" என்றீர்கள். எனக்கு வந்த கஷ்டத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் ஓரகத்திக்குப் பட்டம் கிடைத்தது. அதுதான் எனக்கு வந்த கஷ்டம்.

சிரிக்காதீர்கள். அந்தப் பத்து மாதம் நான் வெந்தது முருகனுக்குத்தான் தெரியும்.

நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் மாமனார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மாமாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் என் கணவர். இளையவருடைய மனைவிதான் சுகந்தி. மாமா யாழ்ப்பாணத்து வழி வந்தவர். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பு என்றால் அவருக்கு உயிர். மகன்கள் இருவரும் அதில் கோட்டை விட்டார்கள். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, காதலித்து அந்த வீட்டுக்குள் வந்தவள். யாரும் என்னை ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாமா "எங்கட ஆக்கள்" என்று சொல்லும்போது அதில் நான் சேர்த்தியா இல்லையா என்று பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. சுகந்தியும் யாழ்ப்பாணத்து வழிதான்; கல்யாணம் ஆகி வந்த அன்றே அதில் சேர்த்தி.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் நான் நல்ல மார்க் வாங்கியவள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் மேலே படிக்க முடியவில்லை. வேலைக்குப் போனேன். இன்றுவரை பினாங்குத் தீவில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கடிதப் பிரிவு. வருகிற கடிதத்தைப் பதிவது, போகிற கடிதத்தில் முத்திரை குத்துவது. தினமும் பஸ், பிறகு கடலைத் தாண்ட ஃபெரி, பிறகு நடை. பதினாறு வருடம்.

1998 தைப்பூசம் முடிந்த சமயம். மலேசிய வெள்ளியின் நாணய மதிப்பு விழுந்து, வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் பாதியில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் சுகந்தி இண்டர்நெட்டில் அந்தப் பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தாள். அமெரிக்காவில் இருக்கிறதாம். அங்கே போக வேண்டாமாம். கம்ப்யூட்டரிலேயே பாடம் வருமாம், கம்ப்யூட்டரிலேயே பதில் அனுப்பலாமாம். வேலை செய்த அனுபவத்தையும் படிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். பத்து மாதத்தில் பட்டம். கட்டணமோ இங்கே ஒரு டைப்பிங் வகுப்புக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாசாரில் மீன் வாங்கும்போது சொன்னார், முடி வெட்டுகிற கடையில் சொன்னார், கோயிலில் ஐயரிடமும் சொன்னார்.

"எங்கட குடும்பத்தில முதல் பட்டதாரி, என்ர சின்ன மருமகள்தான்!"

ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து களைத்துப்போய் வந்து நிற்கிறேன். சுகந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மாமா எழுந்து போய், தன் கையால் டீ கலக்கிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். நான் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத மனுஷன்! "ஈஸ்வரி, அவ படிக்கிறா பிள்ளை, இரவுச் சாப்பாட்டை நீ பாத்துக்கொள்" என்றார். பார்த்துக்கொண்டேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு அள்ளிப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன்.

அவள் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டுரை அனுப்புவாள். ஒவ்வொன்றுக்கும் "எக்ஸலண்ட்" என்று பதில் வரும். வீட்டில் கைதட்டல். எனக்கு வயிறு பற்றி எரியும். இவ்வளவு கெட்டிக்காரியா இவள்? நான் மட்டும் அன்றைக்குப் படித்திருந்தால் என்று பாத்திரத்தைப் போட்டுத் தேய்ப்பேன். அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதைப் பார்த்தால்கூட எனக்குக் கோபம் வந்தது. அந்த அளவுக்குக் கெட்டுப் போயிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை விரதம் இருந்து, வேலை முடிந்து தண்ணீர்மலைக்குப் போனேன். படி ஏறி, முருகன் முன்னால் நின்று, கண்ணை மூடி, இதைத்தான் கேட்டேன்: "முருகா, அவள் படிப்பு பொய்யாக இருக்க வேண்டும்." வேறொன்றும் கேட்கவில்லை. என் பிள்ளைகளுக்காகக்கூட ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

வேண்டியதோடு நிற்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் விளக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், "எங்களுக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கும் சர்வதேச மன்றம்" என்று ஒரு பெயரும் லண்டன் முகவரியும் இருந்தன. யாருக்கும் தெரியாமல், என் ஆபீஸ் முகவரியைக் கொடுத்து, அந்த மன்றத்துக்கு எழுதினேன். இந்தப் பல்கலைக்கழகம் உண்மையானதா என்று கேட்டேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. தடிமனான தாள், தங்க நிறத்தில் சின்னம். "முழு அங்கீகாரம் பெற்ற சிறந்த நிறுவனம்" என்று எழுதியிருந்தார்கள்.

கழிவறைக்குள் போய் அழுதேன். முருகன்மேல் அப்படி ஒரு கோபம். நவம்பர் வரைக்கும் நான் மலைப் பக்கமே போகவில்லை.

நவம்பரில் பட்டம் வந்துவிட்டது. மாமா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். சுகந்தி பிறை ஊரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கிளார்க். அங்கே அதிகாரி வேலை ஒன்று காலியாக இருந்தது. பட்டதாரிக்குத்தான் கொடுப்பார்கள். திங்கட்கிழமை விண்ணப்பத்தோடு பட்டத்தின் நகலையும் கொடுக்க வேண்டும். சனிக்கிழமையே வீட்டில் கேசரி என்று பேச்சு.

இனி எரிந்து என்ன பயன்? நானும் அதே இடத்தில் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்குப் பத்து மாதம் என்றால் நான் எட்டு மாதத்தில் முடித்துக் காட்டுவேன் என்ற வீம்பு. விண்ணப்பத் தாள் கேட்டு எழுதியிருந்தேன்; அதுவும் அந்த வாரம் ஆபீசுக்கே வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், என் மேசையில் உட்கார்ந்து தாளை நிரப்பினேன். பழைய அங்கீகாரக் கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. கடிதம் வந்தால் உறையை வீச மாட்டோம். அதன் பின்னாலேயே குத்தி வைப்போம். கப்பல் விஷயத்தில் எந்தத் தேதியில் அனுப்பினாய் என்று சண்டை வரும், அதற்காக. அதே பழக்கத்தில் இந்த இரண்டு கடிதத்துக்கும் உறையைக் குத்தி வைத்திருந்தேன்.

ஸ்டாம்புக்குப் பதிலாகச் சிவப்பு மையில் மெஷின் முத்திரை குத்தியிருந்தார்கள். தினமும் நான் குத்துகிற மாதிரிதான். அந்த மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, அது முத்திரையிலேயே விழும். ஒரு ஆபீஸ் மெஷின் நம்பர் இன்னொரு ஆபீசுக்கு இருக்காது. லண்டனிலிருந்து வந்ததாகச் சொல்லும் உறையில் அமெரிக்க முத்திரை. சரி, அங்கே ஒரு கிளை இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு நம்பரைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் உறையைப் பார்த்தேன். மறுபடி இதைப் பார்த்தேன்.

ஒரே நம்பர். பட்டம் கொடுத்தவனும் அந்தப் பட்டம் நல்லது என்று சாட்சி சொன்னவனும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறான்!

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். "அலாமா, முருகா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். எவ்வளவு நாள் கழித்துக் கொடுத்தாய், எவ்வளவு அழகாகக் கொடுத்தாய் என்று உள்ளே ஒரே கூத்து. ஃபெரியில் ஏறும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

நடுக்கடலில்தான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அந்தத் தொழிற்சாலையில் பள்ளிச் சான்றிதழைத் திருத்திக் கொடுத்த ஒருவனைப் போலீசில் கொடுத்திருந்தார்கள். சுகந்தியே எங்களுக்குச் சொன்ன கதை. இவள் தெரியாமல்தான் கொடுக்கப் போகிறாள். ஆனால் யார் நம்புவார்கள்? வேலை போகும். பெயர் போகும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு கேசரி சாப்பிட்டால் போதும்.

அப்படியே செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறைத்துச் சொல்ல மாட்டேன். பட்டர்வொர்த் துறையில் இறங்கி பஸ்சுக்கு நின்றேன். "முருகா, நான் கேட்டதைக் கொடுத்துவிட்டாய். இப்போது என் வாயைத் திறந்துவிடு. நானாகத் திறக்க மாட்டேன்" என்று வேண்டினேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் நல்ல வேண்டுதல் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம். ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சுகந்தி, அந்த சர்டிபிகேட்ட திங்கக்கிழமை கொடுக்காத."

"ஏன் அக்கா?"

"அது பொய் யூனிவர்சிட்டி."

அவள் முகம் மாறிவிட்டது. கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குப் பொறாமை அக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நான் படிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் லா."

சுரீர் என்றது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் தலையெழுத்து என்று திரும்பினேன். வாசல்வரை போய்விட்டேன். அதற்குமேல் கால் போகவில்லை. என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது. உன் படிப்பு பொய்யா இருக்கணும்னு மலையேறிப் போய் வேண்டிக்கிட்டவ நான். பொறாமை இல்லாதவ இந்தக் கவரை இப்படி உத்துப் பாத்திருப்பாளா? மாமா பாத்தாரா? உன் புருஷன் பாத்தாரா? உன்மேல ஆசை வச்சவங்க யாரும் பாக்கல. நான் பாத்தேன். இந்தா, நீயும் பாரு."

இரண்டு உறைகளையும் அவள் மடியில் போட்டேன். முத்திரையைக் காட்டினேன், நம்பரைக் காட்டினேன். அவள் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். எதிரி அழுவதைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நானும் உட்கார்ந்து அழுதேன்.

"எனக்கே சந்தேகம் இருந்துச்சு அக்கா" என்றாள். "எதை அனுப்பினாலும் எக்ஸலண்ட். ஒரு தடவ அவசரத்துல ஒரே கட்டுரைய ரெண்டு பாடத்துக்கும் அனுப்பிட்டேன். அதுக்கும் எக்ஸலண்ட். மாமா சந்தோஷத்தப் பாத்துட்டு, வாய மூடிக்கிட்டேன்."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டோம்.

திங்கட்கிழமை அவள் விண்ணப்பம் கொடுக்கவில்லை. இருவரும் லீவு போட்டு, எந்தப் பட்டத்தை அரசாங்கம் ஏற்கிறது என்று சொல்லும் இலாகாவுக்குப் போய்க் கேட்டோம். அங்கே இருந்த அதிகாரி அம்மா பட்டியலைப் புரட்டினார். பல்கலைக்கழகமும் இல்லை, அந்த லண்டன் மன்றமும் இல்லை. "அங்கீகாரம் இருக்குன்னு அவங்களே சொன்னா போதாதும்மா. கொடுத்தது யாரு, அவங்கள யாரு ஏத்துக்கிறாங்கன்னு வெளியில விசாரிக்கணும். அவங்க புத்தகத்துல இருக்கிற அட்ரஸுக்கே எழுதிக் கேட்டா, அவங்கதானே பதில் போடுவாங்க?" என்றார். இத்தனை வருடம் கடிதப் பிரிவில் இருந்தவளுக்கு அது உறைக்கவில்லை பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மலிவாக வருவதெல்லாம் பொய் இல்லை. ஆனால் விசாரிக்காமல் சேராதீர்கள்.

மாமாவிடம் சொன்னோம். சட்டத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் வைத்தார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாரே, பாவம். ஆறு மாதம் வேறு கடையில் போய் முடி வெட்டிக்கொண்டார்.

நானும் சுகந்தியும் இப்போது இங்கே பினாங்குப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் சேர்ந்திருக்கிறோம். விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தோம். பத்து மாதம் இல்லை, பல வருடம். கட்டுரை சிவப்புக் கோடாகத் திரும்பி வருகிறது. அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்படுகிறோம், யாரோ உண்மையாகப் படித்திருக்கிறார்கள் என்று.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. போன பரீட்சையில் பொருளாதாரத்தில் அவளுக்கு ஏ, எனக்கு சி. மறுபடி வயிறு எரிந்தது. மறுபடி மலை ஏறினேன். "முருகா, இந்தத் தடவை அவளுடையது உண்மையான ஏ. என்னை என்ன செய்யப் போகிறாய்?" என்று சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுகந்தி என் விடைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க அக்கா, எங்க விட்டீங்கன்னு பாப்போம்" என்றாள். என் நாற்காலியை அவளே இழுத்துப் போட்டிருந்தாள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல மனசு வரட்டும், பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். அசிங்கமான வேண்டுதலாக இருந்தாலும் அதை அப்படியே அவன் முன்னால் கொண்டுபோய்க் கொட்டுங்கள். அக்கம்பக்கத்தில் கொட்டினால் அது விஷமாகத் திரும்பி வரும். நான் அவளைக் கவிழ்க்கத்தான் கேட்டேன். கேட்டதை முருகன் கொடுத்தான். கூடவே அவளையும் எனக்குக் கொடுத்தான்.