வாத்துச் சுவர்

பொன்னுதுரைக்கு முப்பத்திரண்டு வயது. எழுத்து ஏறவில்லை, வழியும் மனதில் நிற்காது. ஆனால் அவன் கழுவிய கிளாஸில் ஒரு கறையைக் கண்டுபிடிக்க எவனாலும் முடியாது. புங்கா ராயா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அப்துல் கய்யூம் அவனுக்கு வேலை தரத் தயாராக இருந்தார். ஒரே நிபந்தனை, யாரும் கூட்டி வராமல் தானே வந்து சேர வேண்டும்.

அங்கேதான் இடித்தது. வீடு இருந்த காஜா பெராங்கிலிருந்து அரை மணி நேர நடை. முன்பு ஒருமுறை கிளம்பிப் போய், வழி தவறிச் செமாபோக்கில் அழுதுகொண்டு நின்றவனை அண்ணன் சுப்பையன்தான் சைக்கிளில் ஏற்றி வந்தார். "இன்னொரு தடவ தொலஞ்சே, கதவுக்கு வெளிய பூட்டுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணனைத் திட்டிப் பயனில்லை. பயந்துபோன மனிதனுக்குப் பூட்டுதான் முதலில் ஞாபகம் வரும்.

படக்கடை அலி அக்பர் ஒரு யோசனையோடு கிளம்பினார். பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் வழியெல்லாம் படமெடுத்து வந்தார். பள்ளிவாசல், பாலம், கடைவரிசை எல்லாம் காலண்டரில் போடலாம், அத்தனை அழகு. பொன்னுதுரை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவனை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனார். அவன் நின்று பார்த்ததெல்லாம் வேறு. உடைந்த சாக்கடை மூடி, கால் ஒடிந்த பெஞ்சு, கரிக்கடைச் சுவரில் காரை உதிர்ந்து வாத்துபோல் தெரிந்த இடம். அவன் நின்ற இடத்திலேயே நின்று, அவன் கண் மட்டத்தில் எடுத்தார். பதினொரு படங்களை வளையத்தில் கோத்துக் கொடுத்தார். ஒன்றைத் தாண்டியதும் அடுத்ததைப் புரட்ட வேண்டும். திரும்பி வர இன்னொரு வளையம்.

இருபது நாள் பொன்னுதுரை ராஜாபோல வேலைக்குப் போய் வந்தான்.

ஐம்பத்தேழு ஆகஸ்ட் கடைசி. வெள்ளைக்காரன் போய் இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வருகிறதென்று ஊரே சுண்ணாம்பு வாளியும் கையுமாக அலைந்தது. ஒருநாள் காலை ஏழாவது படத்தோடு பொன்னுதுரை நின்றுவிட்டான். வாத்தைக் காணோம். சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. வாத்து வந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வாத்தே இல்லையென்றால் எங்கே திரும்புவது? வெயில் ஏறியது. யாரையும் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. கேட்டால் சிரிப்பார்கள், இல்லை கையைப் பிடித்து எங்காவது இழுத்துப் போவார்கள். அண்ணன் சொன்ன பூட்டு நினைவுக்கு வந்தது. பாவம், எவ்வளவு நேரம்தான் நிற்பான்? கடைசியில், சுண்ணாம்புக் கையோடு வெளியே வந்த கரிக்கடைச் சீனரிடம் படத்தை நீட்டி, "மானா? எங்க?" என்று தெரிந்த இரண்டு பாஷையிலும் கேட்டான்.

சீனர் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தன் வெள்ளைச் சுவரையே தட்டிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். பொன்னுதுரைக்கும் சிரிப்பு வந்தது. இடப்பக்கம் திரும்பி நடந்தான்.

அதற்குள், வேலைக்கு வரவில்லையென்று கய்யூம் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். சுப்பையன் செமாபோக் வரை மிதித்துத் தேடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் நுழைந்தால், தம்பி கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கிறான்.

"எங்கடா தொலஞ்சு போனே? வா வீட்டுக்கு!"

"நான் தொலையலண்ணே. வாத்துதான் தொலஞ்சு போச்சு. நான் கேட்டுக்கிட்டு வந்துட்டேன்" என்றான் பொன்னுதுரை, கிளாஸிலிருந்து கையை எடுக்காமலே. "அலி அக்பர் நானாகிட்ட வேற படம் எடுக்கச் சொல்லு."

சுப்பையன் வெளியே வந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படக்கடைக்குப் போனார்.